அன்னபான நிரோதம்

ஆதிபகவன் விருஷப தேவரின் திருவடிகளை மனத்தால் தொழுது, இக்காலாண்டில் நம் சிராவக சிராவகியரோடு ஒரு பொருளைக் குறித்துச் சிந்திக்க விழைகிறோம். இல்லறத்தாரின் முதல் அணுவிரதமாகிய கொல்லாமைக்கு ஐந்து அதிசாரங்கள் உண்டு என்பதை நம் பிள்ளைகளும் பாடமாகப் படித்திருக்கின்றனர். கட்டி வைத்தல், அடித்தல், உறுப்பைச் சிதைத்தல், அளவுக்கு மீறிப் பாரம் ஏற்றுதல், உணவையும் நீரையும் தடுத்தல் என்பன அவை. உமாஸ்வாமிகள் தத்துவார்த்த சூத்திரத்தின் ஏழாம் அத்தியாயத்தில் இவற்றை எண்ணி வைக்கிறார். சமந்தபத்திர சுவாமிகளும் ரத்னகரண்டக சிராவகாசாரத்தில் இவற்றைக் கூறத் தவறவில்லை.

முதல் மூன்றையும் கேட்ட மாத்திரத்தில் நம் நெஞ்சம் நடுங்குகிறது. அவற்றில் கயிறு இருக்கிறது, கோல் இருக்கிறது, கத்தி இருக்கிறது. ஐந்தாவதில் ஒரு கருவியும் இல்லை. குருதி சிந்துவதில்லை, ஓலம் எழுவதில்லை. அன்னபான நிரோதம் என்னும் இக்குற்றத்தைச் செய்வதற்கு ஒருவர் தம் திண்ணையை விட்டு எழுந்திருக்கவும் வேண்டியதில்லை. பசித்திருக்கும் உயிர் ஒன்று தம்மைச் சார்ந்திருக்க, அதனை மறந்து தாம் உண்டுவிட்டால் போதும். எறும்பு மிதிபடாமல் நடக்கவும், நீரை வடிகட்டிப் பருகவும், கதிரவன் மறையுமுன் உண்டு முடிக்கவும் பழகிய நாம், முதல் விரதத்திற்கே மாசு தேடித் தரும் இந்த ஐந்தாம் வாயிலை எத்தனை முறை எண்ணிப் பார்த்திருக்கிறோம்?

பூஜ்யபாதர் இச்சூத்திரத்திற்கு உரை காணும்போது பசு முதலிய உயிர்கள் பசி தாகத்தால் வருந்துமாறு செய்வதே இக்குற்றம் என்று விளக்குகிறார். அவர் எடுத்துக்காட்டியது தொழுவத்துப் பசு. அக்காலத்து இல்லறத்தாரைச் சார்ந்து நின்ற உயிர்களுள் கண்ணெதிரே நின்றது அது. வாய் திறந்து கேட்க இயலாததும் அதுவே. எனினும் ‘முதலிய’ என்னும் சொல்லுக்குள் யார் யார் அடங்குவர் என்பதை அந்தந்தக் காலத்துச் சிராவகரே ஆராய்ந்து அறிய வேண்டும்.

வந்தவாசி, செய்யாறு, ஆரணி, திண்டிவனம், செஞ்சிப் பகுதிகளில் நம் முன்னோர் உழவுத் தொழிலில் நிலைபெற்றிருந்த நாளில் இவ்வாராய்ச்சி அத்துணைக் கடினமாக இருக்கவில்லை. களத்துமேட்டில் நெல் குவிந்ததும், ஊருக்குத் தொண்டு செய்தவர்க்கு அளந்து கொடுத்த பின்னரே வீட்டிற்கு வண்டி புறப்பட்டது. யார் நம்மைச் சார்ந்தவர், அவர் வீட்டு அடுப்பு புகைகிறதா இல்லையா என்பது கண்ணுக்குத் தெரிந்தது. (அந்தக் காலத்தைப் பொற்காலமென்று சொல்ல வரவில்லை. அளந்து கொடுத்தவர் நின்ற உயரமும் வாங்கியவர் நின்ற தாழ்வும் அறத்திற்கு ஒத்தவை என்று எவரும் சாதிக்க முடியாது.) இன்று நம் குடும்பங்களில் பெரும்பாலானவை பிழைப்பு தேடியும் கல்வி தேடியும் சென்னை முதலிய நகரங்களில் குடியேறிவிட்டன. விடியுமுன் தெருவைக் கூட்டிச் செல்பவர், கோயம்பேட்டில் காய்கறி மூட்டை சுமப்பவர், அடுக்குமாடிக் கட்டடத்தின் வாயிலில் இரவெல்லாம் விழித்திருப்பவர், வட மாநிலத்திலிருந்து வந்து நம் வீட்டுக்குச் சாந்து குழைப்பவர் ஆகிய இவர்களின்றி ஒரு நாளேனும் நம் இல்லறம் நடக்குமா? இவர்கள் நம்மைச் சார்ந்திருப்பதினும் மிகுதியாக நாமே இவர்களைச் சார்ந்திருக்கிறோம். ஆயினும் இவர்களுள் யார் இன்று காலை உண்டார், யார் உண்ணவில்லை என்பதை நாம் அறியோம். நகரம் நமக்குத் தந்த வசதிகளுள் இந்த அறியாமையும் ஒன்று.

இவ்விடத்தில் நம்மவர் சிலர் ஒரு தடை எழுப்புவது உண்டு. “அவரவர் வினையை அவரவர் அனுபவிக்கின்றனர். அசாதா வேதநீயம் உதயத்துக்கு வந்தவன் பசித்திருக்கிறான். இடையே நாம் புகுந்து என்ன செய்ய முடியும்?” என்பர். வினைக் கொள்கையைப் பாதி மட்டும் படித்ததால் எழும் தடை இது. வினை பயன் தருவதற்கு நிமித்தம் வேண்டும் என்பதை நம் ஆகமங்கள் மறைக்கவில்லை. பிறனுடைய துன்பத்திற்கு நிமித்தமாக நிற்பவன் தனக்கே அசாதா வேதநீயத்தைக் கட்டிக்கொள்கிறான். எல்லா உயிர்களிடத்தும் இரக்கமும் விரதியரிடத்து இரக்கமும் தானமும் சாதா வேதநீயத்திற்கு வாயில்கள் என ஆறாம் அத்தியாயம் அறுதியிட்டுச் சொல்கிறது. கொடுப்பதை இடைமறித்தல் அந்தராய கர்மத்திற்கு வாயில் என்பதும் அங்கேயே உள்ளது. ஆக, பசித்தவனின் வினையை எடைபோடும் வேலை நமக்குத் தரப்படவில்லை. அவனைக் கண்ட கணத்தில் நம்முடைய வினையே எடை போடப்படுகிறது.

மேலும், பசிக்கு நிமித்தமாக அமைபவை பெரும்பாலும் மனிதர் எடுக்கும் முடிவுகளே என்பதற்கு நம் மாநிலத்தின் வரலாறே சான்று. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய தாது வருடப் பஞ்சத்தில் மக்கள் கூட்டங்கூட்டமாக மாண்டபோது, சென்னைக் கடற்கரையில் தானிய மூட்டைகள் மலைபோல் குவிந்து கிடந்தன. வாங்கப் பணமில்லாதவர்க்கு அவை எட்டவில்லை. 1877-இல் நிவாரண வேலை செய்தோருக்கு நாளொன்றுக்கு ஒரு ராத்தல் தானியமும் சிறு காசும் போதுமென்று சர் ரிச்சர்டு டெம்பிள் வகுத்தார். கல்லுடைக்கும் உடலுக்கு அது போதாது என்று மாகாணத்தின் சுகாதார ஆணையர் கார்னிஷ் கடுமையாக வாதிட்டார். அவ்வாண்டிலேயே அளவு உயர்த்தப்பட்டது. ஒருவர் எழுதிய ஓர் எண்ணால் இலட்சக்கணக்கானோர் மெலிந்தனர். மற்றொருவரின் பிடிவாதத்தால் அவ்வெண் மாறியது. வினை என்று சொல்லி எல்லோரும் வாளாவிருந்திருந்தால் அதுவும் மாறியிருக்காது. அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் பக்கிங்காம் கால்வாய்ப் பகுதியை வெட்டியவர்கள் அப்பஞ்சத்து மக்களே. அதன் கரையோரமாக நாம் நாள்தோறும் அலுவலகம் செல்கிறோம்.

இரண்டாவது தடை சற்று நுட்பமானது. தானம் என்பது பாத்திரத்திற்கே உரியது, முனிவர்க்கும் விரதியர்க்கும் அளிப்பதே புண்ணியம், வழியில் கிடப்பவர்க்குச் சோறிடுவது உலகியல் என்று கருதும் பெரியோர் நம்மிடையே உளர். பாத்திர தானத்தின் உயர்வை நாம் ஒருபோதும் குறைத்துரைக்கவில்லை. ஆனால் 9-ஆம் நூற்றாண்டில் ஆதிபுராணம் இயற்றிய ஜினசேனாசாரியார் தத்தி நான்கு எனப் பகுத்தபோது பாத்திர தத்தியோடு தயா தத்தியையும் வைத்தார். இரக்கத்தால் கொடுப்பதற்குத் தனி இடம் உண்டு. நற்காட்சி பெற்றவனின் அடையாளங்களுள் அனுகம்பை ஒன்று என்றும் படிக்கிறோம். கண்ணெதிரே பசித்த உயிரைக் கண்டு நெஞ்சம் அசையாதவன், முனிவர் வரும்போது மட்டும் எவ்வாறு பக்தியால் உருகுவான் என்பது நமக்கு விளங்காத புதிர்.

அட்சய திருதியை தோறும் நாம் கேட்கும் வரலாற்றையே நினைந்து பாருங்கள். தீட்சை பெற்ற விருஷப தேவர் ஆறு திங்கள் யோகத்தில் நின்று, பின்னர் ஆகாரத்தின் பொருட்டு ஊர்தோறும் எழுந்தருளினார். மக்கள் அன்பில் குறைந்தவரல்லர். யானையைக் கொண்டுவந்து நிறுத்தினர், மணிகளைக் குவித்தனர், பட்டாடை ஏந்தினர், கன்னியரை அழைத்து வந்தனர். உணவு கொடுக்க மட்டும் எவர்க்கும் தெரியவில்லை. ஓராண்டுக்கும் மேலாக உணவின்றி நின்ற பெருமான் அஸ்தினாபுரம் வந்தபோது, முற்பிறவி நினைவு வரப்பெற்ற சிரேயாம்சன் கருப்பஞ்சாறு ஏந்தி எதிர்கொண்டான். இந்நிகழ்ச்சியில் சிரேயாம்சனின் பெருமையைப் பேசுவது வழக்கம். நாம் மற்ற ஊர்களைப் பற்றியும் பேச விரும்புகிறோம். செல்வம் நிறைந்த நகரங்கள் அவை. கொடுக்கும் மனமும் அங்கு இருந்தது. எதிரே நிற்பவர்க்கு எது வேண்டும் என்று அறியும் அறிவு இல்லாததால் எல்லாக் கொடையும் வீணாயிற்று. இன்றும் நம் நகரத்தில் அன்னதானம் என்ற பெயரில் ஒரே தெருவில், ஒரே திருநாளில் பத்து இடங்களில் பொங்கலும் புளியோதரையும் வழங்கப்பட்டு, உண்டவர்க்கே மீண்டும் கிடைத்து, பாதி இலையோடு குப்பைத் தொட்டிக்குச் செல்கிறது. மறுநாள் அத்தெருவில் ஒரு பிடி சோற்றுக்கு வழியில்லை. தனித்தனியே கொடுப்பதில் நேரும் குறை இது.

சேர்ந்து செய்தல் நமக்குப் புதிய கலையன்று. முனி சங்கம் ஊருக்கு எழுந்தருளும் நாளை எண்ணிப் பாருங்கள். எந்த இல்லத்தின் முன் நிற்பார் என்று யாருக்கும் தெரியாது. ஆகவே தெரு முழுவதும் நீராடி, தூய அடுப்பில் சமைத்து, கும்பம் ஏந்தி வாயிலில் நிற்கிறது. ஒரு வீட்டிற்கே அந்தப் பேறு கிடைக்கிறது. மற்ற வீடுகள் வருந்துவதில்லை. அனைவரும் ஆயத்தமாக இருந்தமையாலேயே முனிவர் தமக்கென எதையும் சமைக்கச் செய்யாமல், எவர்க்கும் பாரமாகாமல் ஆகாரம் ஏற்க முடிந்தது. மலருக்குத் தீங்கின்றித் தேன் கொள்ளும் வண்டின் முறை, பிராமரி விருத்தி, என்று இதனை நூல்கள் கூறும். கொடுப்பவர் பக்கத்திலிருந்து நோக்கினால் இது ஒரு பெரிய ஊர்க்கூட்டு ஏற்பாடு. மகதத்துப் பன்னீராண்டுப் பஞ்சத்தில் பத்திரபாகு முனிவரோடு சங்கம் தெற்கே வந்ததாக நம் மரபு கூறுகிறது. பஞ்சத்தால் பாண்டிய நாடு புகுந்த எண்ணாயிரம் முனிவரோடு நாலடியாரின் தோற்றத்தை இணைத்துச் சொல்லும் கதையும் உண்டு. அந்தச் சங்கங்களைக் காத்தவை அரண்மனைக் களஞ்சியங்கள் மட்டுமல்ல. முன்பின் அறியாத துறவியர்க்குத் தத்தம் அடுக்களையிலிருந்து அன்றாடம் ஒரு பங்கை எடுத்து வைத்த தென்னாட்டு இல்லங்களே அவற்றைக் காத்தன.

நம் மாநிலத்தின் அண்மைக் கால வரலாறும் இதற்கு மாறுபட்டதன்று. வடலூரில் 1867-இல் வள்ளலார் தருமச்சாலையைத் தொடங்கியபோது, அதற்கான நிலத்தைப் பார்வதிபுரத்து மக்களே அளித்தனர். சென்னை மாநகராட்சி, பிட்டி தியாகராயர் தலைமையில் 1920-இல் ஆயிரம் விளக்குப் பகுதிப் பள்ளியில் ஏழைப் பிள்ளைகளுக்கு நண்பகல் உணவு வழங்கத் தீர்மானித்தது. காமராசர் காலத்தில் 1956-இல் மதிய உணவுத் திட்டம் மாநிலம் எங்கும் பரவத் தொடங்கியபோது, அரசுப் பணத்தோடு ஊராரின் நெல்லும் பருப்பும் விறகும் பாத்திரங்களும் சேர்ந்தே அடுப்பு எரிந்தது. 1982-இல் எம்.ஜி.ஆர். அதனைச் சத்துணவுத் திட்டமாக விரித்தார். 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கிய காலை உணவுத் திட்டம் 2023-இல் அரசுத் தொடக்கப் பள்ளிகள் அனைத்திற்கும் சென்றது. 2013-இல் சென்னையில் அம்மா உணவகங்கள் திறக்கப்பட்டு ஒரு ரூபாய்க்கு இட்டலியும் ஐந்து ரூபாய்க்குச் சாம்பார் சாதமும் வழங்கப்பட்டன. 2011 முதல் நியாய விலைக் கடைகளில் அரிசி விலையின்றிக் கிடைக்கிறது.

இவ்வளவும் அரசு செய்யும்போது நமக்கு என்ன வேலை என்று கேட்கலாம். அரசின் கை பெரியது. அதன் விரல்களுக்கிடையே சந்துகளும் உண்டு. குடும்ப அட்டைக்கு முகவரி வேண்டும். நடைபாதையில் உறங்குபவர்க்கு முகவரி இல்லை. பள்ளி விடுமுறையன்று பள்ளி அடுப்பு எரிவதில்லை. அரசுப் பொது மருத்துவமனையில் நோயாளிக்கு உணவு உண்டு. வெளியூரிலிருந்து உடன் வந்து மரத்தடியில் காத்திருக்கும் தாய்க்கு இல்லை. பிள்ளைகள் அயல்நாட்டில் இருக்க, தனித்து வாழும் முதியவர்க்குப் பணம் இருந்தும் சமைக்க வலிமை இல்லை. (இந்தக் கடைசி வகையினர் நம் சமூகத்திலேயே பெருகி வருகின்றனர் என்பதை மறைப்பதில் பயனில்லை.) இச்சந்துகளை அடைக்க அந்தந்தத் தெருவில் வாழ்பவரால்தான் முடியும். 2015 டிசம்பரில் சென்னை வெள்ளத்தில் மூழ்கியபோது, திருமண மண்டபங்களிலும் பள்ளிவாசல்களிலும் தேவாலயங்களிலும் கோயில்களிலும் அண்டாக்கள் ஏறின. எந்தத் தெருவில் இடுப்பளவு நீர், எந்த மாடியில் கைக்குழந்தை என்று அறிந்திருந்தவர்கள் அப்பகுதி மக்களே. 2017-இல் பெசன்ட் நகரில் பொதுக் குளிர்பதனப் பெட்டி ஒன்று வைக்கப்பட்டது. மிகுதியுள்ளவர் வைக்கலாம், வேண்டியவர் எடுக்கலாம், எவரும் எவரையும் ஏன் என்று கேட்பதில்லை.

நம் ஆசாரத்திற்கு இவற்றுள் சில பொருந்தி வாரா என்பதை அறிவோம். சமைத்த உணவைக் கால வரம்பு கடந்து வைத்திருப்பது நமக்கு உடன்பாடன்று. இரவில் சமைப்பதும் அப்படியே. இதனைக் காரணம் காட்டி ஒதுங்குவதை விட, நம் ஆசாரத்தோடு பொருந்தும் வழியைக் காண்பது மேல். அடுப்படியில் ஒரு கலயம் வைத்து, உலை வைக்குமுன் ஒரு பிடி அரிசியை அதில் இடும் வழக்கம் தமிழ் இல்லங்களில் இருந்தது. ஒரு பிடி 50 கிராம் எனக் கொள்வோம். ஓர் இல்லத்தில் மாதத்துக்கு ஒன்றரைக் கிலோ சேரும். ஒரு பகுதியில் 40 குடும்பங்கள் சேர்ந்தால் 60 கிலோ. ஒருவருக்கு ஒரு வேளைக்கு 150 கிராம் என்றால் 400 வேளை உணவு. அதாவது நாள்தோறும் மருத்துவமனை வாயிலில் பதின்மூவர் உண்ணலாம். எந்த இல்லத்திலும் அந்த ஒரு பிடியால் சோறு குறைந்ததாக யாரும் உணர மாட்டார்கள். அட்டமி, சதுர்த்தசி நாட்களில் நோன்பிருப்போர் தம் பங்கு அரிசியையும் பருப்பையும் முழுமையாக அக்கலயத்திற்கு அளந்துவிட்டால் கணக்கு இன்னும் உயரும். நோன்பிருக்கும் நமக்கு மறுநாள் பாரணை உண்டு என்ற உறுதி இருக்கிறது. நாமே விரும்பி ஏற்றதால் நம் பசி தவமாகிறது. அந்த உறுதி இல்லாதவனின் பசிக்கு வேறு பெயர். இவ்விரண்டு பசிக்கும் இடையே உள்ள வேறுபாட்டை நோன்பு நாளன்று நண்பகலில் உணர்வது போல வேறு எப்போதும் உணர முடியாது.

திரட்டிய அரிசியை மாதக் கணக்கில் தேக்கக் கூடாது. வண்டு பிடித்த அரிசியைப் புடைத்து வெயிலில் உலர்த்தும்போது எத்தனை உயிர்கள் மாயும் என்பது சொல்லாமலே விளங்கும். மிகுபொருள் விரும்பாமை கொல்லாமைக்குத் துணை நிற்பதை இங்கே கண்கூடாகக் காணலாம். காலையில் வடிகட்டிய நீரில் சமைத்து, நண்பகலுக்குள் வழங்கி முடித்தால் ஆசாரத்திற்கும் குறைவில்லை, உண்பவர்க்கும் வேளையோடு கிடைக்கும். மாலையில் வருவோர்க்குச் சமைத்ததைத் தவிர்த்து அவல், பொரிகடலை, வாழைப்பழம் தரலாம். ஏற்பவரின் முகத்தைக் கைப்பேசியில் படமெடுத்துப் பரப்பும் இக்கால வழக்கம் நம்மிடம் வேண்டாம். தானத்தின் சிறப்பு, கொடுக்கும் முறையையும் பொருளையும் கொடுப்பவனையும் ஏற்பவனையும் பொறுத்தது என்று கற்றவர்கள் நாம். பசித்தவனின் நாணத்தை விலையாக வாங்கிக்கொண்டு தரும் சோற்றில் முறையும் கெடுகிறது, கொடுப்பவனும் கெடுகிறான்.

ஒரு வேளைச் சோறு அன்றைய பசியை ஆற்றும், வறுமையை ஆற்றாது. கற்பக மரங்கள் பயன் தருதல் ஒழிந்து மக்கள் பசியால் வாடி வந்து முறையிட்டபோது, விருஷப தேவர் அவர்களுக்கு உழவும் வாணிபமும் எழுத்தும் கல்வியும் சிற்பமும் படைத்தொழிலுமாகிய ஆறு தொழில்களைக் கற்பித்தார் என்று ஸ்ரீபுராணத்தில் கேட்கிறோம். துறவறம் போதிக்குமுன் பெருமான் செய்த பணி இது. ஆதலால் நம்முள் கடையும் தொழிற்கூடமும் நடத்துவோர், ஆகாரத்தைப் பற்றிய ஐந்தாம் அதிசாரத்தோடு, பாரம் ஏற்றுதலைப் பற்றிய நான்காவதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். சம்பளம் குறித்த நாளில் தராமல் இழுப்பதும், உணவு இடைவேளையைக் கூட்டம் மிகுந்த நாளில் பறிப்பதும் பண்டைக்காலத்து எருதுக்குச் செய்ததையே மனிதர்க்குச் செய்வதாகும். கடை ஊழியர் அமர்வதற்கு இருக்கை தர வேண்டும் என்று 2021-இல் தமிழ்நாட்டில் சட்டமே இயற்ற நேர்ந்தது. கொல்லாமையை முதல் விரதமாகக் கொண்டவர்களின் கடைகளில் அதற்கு முன்பே இருக்கை இருந்திருக்க வேண்டும்.

இவற்றை எல்லாம் நடத்தப் பெரிய சங்கமோ, பதிவோ, மாநாடோ தேவையில்லை. ஞாயிறு காலை ஜினாலயத்தில் பூசை முடிந்ததும் அப்பகுதிக் குடும்பத்தார் அரைமணி நேரம் அமர்ந்து பேசினால் போதும். நம் தெருவில் தனித்திருக்கும் முதியவர் யார், அருகிலுள்ள மருத்துவமனையில் காத்திருப்போர் எத்தனை பேர், எந்த வீட்டுப் பணிப்பெண்ணின் பிள்ளை பள்ளியை விட்டு நின்றுவிட்டது என்பதைப் பெண்மணிகளே நன்கு அறிவர். அவர்களை முதலில் பேசவிட வேண்டும். பிற சமயத்து அண்டை வீட்டார் ஒரு பிடி தர முன்வந்தால் மகிழ்ந்து ஏற்கலாம். கலயத்தில் விழுந்த பின் அரிசிக்குச் சமயம் இல்லை. கலயங்களைத் திரட்டும் முறை, சமைக்கும் முறை, கொண்டு செல்லும் முறை ஆகியவற்றை இளைஞர்கள் வாரந்தோறும் மாற்றிக்கொள்ளட்டும். மாதக் கடைசியில் ஜினாலயத்து அறிவிப்புப் பலகையில் கணக்கை எழுதி வைக்க வேண்டும். எத்தனை கிலோ வந்தது, எத்தனை பேர் உண்டனர், எந்த நாளில் தட்டுப்பட்டது என்பவை அதில் இருக்கட்டும். கொடுத்தவர் பெயர்களுக்கு அப்பலகையில் இடம் வேண்டியதில்லை.